கோடும் கரையும்: டச்சு அச்சோவியங்களில் ஆற்று நிலம்



பழந்தமிழில் ‘கோடு’ என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. வரைந்த கோடு ஒரு பொருள். மரக்கிளை, மலைமுகடு, யானையின் தந்தம் ஆகியனவும் கோடு எனப்படும். குளத்து நீரைத் தடுத்து நிறுத்தும் கரைக்கும் அதுவே பெயர். ஓவியன் வரையும் கோடும் உழவன் கட்டும் கரையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. தமிழில் சொல்லளவில் அமைந்த இவ்வொற்றுமையை வாழ்வாகவே வாழ்ந்த மக்கள் ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் ஓர் ஓவியன் செப்புத் தகட்டின்மேல் ஒரு கிடைக்கோட்டை இழுத்தால், அது தொடுவானமாகவும் நிற்கும், ஆற்றங்கரையாகவும் நிற்கும். அந்தக் கோடு உடைந்தால் ஊர் மூழ்கும்.

ஓவியர் வட்டாரத்தில் ‘எட்சிங்’ என்று வழங்கப்படும் அச்சோவியங்களில் டச்சு ஆற்று நிலம் எவ்வாறு பதிவாகியிருக்கிறது, அப்பதிவு அம்மக்களின் பண்பாட்டில் எப்பொருளைப் பெற்றது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் நிலத்தைக் காண வேண்டும். நெதர்லாந்து என்னும் பெயருக்கே தாழ்நாடு என்பதுதான் பொருள். ரைன், மாஸ், ஸ்கெல்ட் ஆகிய ஆறுகள் கடலில் கலக்கும் முன் கிளை கிளையாகப் பிரிந்து, வண்டல் கொட்டி உருவாக்கிய கழிமுகம் அது. இன்றைய நாட்டின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. இத்தாழ்வில் ஒரு பகுதி இயற்கை தந்தது; மறு பகுதி மனிதர் தேடிக்கொண்டது. இடைக்காலத்தில் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, பயிர் செய்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிய தாவரங்களால் ஆன அந்த மண், நீர் வடிந்ததும் சுருங்கித் தாழ்ந்தது. தாழ்ந்ததும் நீர் மீண்டும் ஏறியது. போதாக்குறைக்கு அம்மண்ணையே பாளம் பாளமாக வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தார்கள். வெட்டிய பள்ளங்கள் ஏரிகளாக விரிந்தன. ஆகவே கரை கட்டுவது அங்கே ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக இருக்கவில்லை. தலைமுறைதோறும் தொடரும் கடனாயிற்று.

அக்கடனை ஊர் கூடி ஆற்றினார்கள். ரைன்லாந்துப் பகுதியின் நீர்வாரியத்துக்கு ஹாலந்துக் கோமகன் இரண்டாம் வில்லெம் 1255இல் உரிமைப் பட்டயம் வழங்கினார். அவ்வாரியம் இன்றும் இயங்கி வருகிறது. கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவன் தன் பங்குக் கரையைத் தானே பேண வேண்டும் என்பது முறை. பேண இயலாமற் போனவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி நிறுத்திவிட்டு நிலத்தைத் துறந்து போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எடுப்பவனுக்கு நிலமும் சேரும், கரைக்கடனும் சேரும். இப்படியொரு சட்ட மரபு அங்கே இருந்தது. கரையில் தனித்து நிற்கும் ஒரு மண்வெட்டி, ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியை ஊருக்கு அறிவித்தது. திணை மரபில் பழகிய செவி, அந்நிலத்தின் உரிப்பொருள் எது என்று கேட்கும். காத்தலும் காத்தல் நிமித்தமும் என்று விடை கூறலாம்.

இனி, கலையின் செய்முறை. செப்புத் தகடு ஒன்றை மெருகேற்றி, அதன்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு இடுவார்கள். ஓவியர் கூரிய ஊசியால் அப்பூச்சைக் கீறி வரைவார். கீறிய இடத்தில் செம்பு வெளிப்படும். தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு மூடிய இடத்தை அமிலம் தீண்டாது. கீறலின் வழியே மட்டும் இறங்கிச் செம்பை அரிக்கும். நெடுநேரம் அரித்த கோடு ஆழமாகும். ஆழமான கோடு மையை மிகுதியாக ஏந்தும். பின்பு பூச்சை நீக்கி, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், பள்ளத்தில் தங்கிய மை தாளில் ஏறும். செதுக்குளியால் செம்பை நேரே செதுக்கும் முறைக்கு நீண்ட கைப்பயிற்சி வேண்டும். எட்சிங்கிலோ எழுதுகோல் ஓடுவதுபோல் ஊசி ஓடும். கையின் தயக்கமும் விரைவும் துடிப்பும் அப்படியே தகட்டில் விழும். ஆகவேதான் கையெழுத்துக்கு மிக நெருங்கிய அச்சுக்கலை இது என்று கருதப்படுகிறது.

நிலத்தைக் கீறி நீரை வழிநடத்திய மக்களிடையே, செம்பைக் கீறி அமிலத்தை வழிநடத்தும் கலை செழித்தது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை, உவமையாகக் கொள்ளலாம். ஆனால் உவமைக்கு அப்பாலும் ஒன்று உண்டு. எட்சிங்கில் நீரை வரைவது எப்படி? எண்ணெய் வண்ண ஓவியனுக்கு நீலமும் சாம்பலும் வெள்ளையும் உண்டு. எட்சிங் ஓவியனுக்கு இருப்பவை கறுத்த கோடும் வெற்றுத் தாளுமே. கரையையும் நாணலையும் படகையும் காற்றாலையையும் அவன் கோட்டால் ஆக்குகிறான். நீர்ப்பரப்பைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடுகிறான். படகின் அடியில் நான்கைந்து குறுக்குக் கோடுகள், கரையோரம் சிறிது நிழல், அவ்வளவே. எஞ்சிய தாளின் வெண்மையே ஆறாகப் பொலிகிறது. அதே வெண்மைதான் மேலே வானமாகவும் விரிகிறது. நிலம் உழைப்பினால் ஆயிற்று. நீர், கை தன்னை அடக்கிக்கொண்டதனால் ஆயிற்று. சொல்லாமல் விட்ட இடத்தில் பொருளை நிறுத்தத் தெரிந்த கவிஞர்களுக்கு இம்முறை புதிதன்று.

டச்சு நிலக்காட்சிக் கலையின் தொடக்கம் ஒரு புத்தக வணிகச் செயலோடு பிணைந்தது. 1559இலும் 1561இலும் ஆண்ட்வெர்ப் நகரில் ஹியரானிமஸ் காக் என்னும் பதிப்பாளர் சிறு நிலக்காட்சிகளின் இரு தொகுதிகளை வெளியிட்டார். வரைந்தவர் பெயர் இன்றுவரை தெரியவில்லை. நாட்டுப்புறக் குடிசைகள், வேலிகள், குட்டைகள், மண்பாதைகள் ஆகியவையே அவற்றின் பொருள். புராணம் இல்லை, விவிலியக் கதை இல்லை, வீரர் இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1612இல், ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் இத்தொகுதியிலிருந்து தேர்ந்த படங்களைத் தாமே மீண்டும் வரைந்து வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஹார்லெம் நகரைச் சூழ்ந்த இடங்களைப் பன்னிரண்டு படங்கள் கொண்ட தொகுதியாகவும் அவர் ஆக்கினார். ‘இனிய இடங்கள்’ என்பது அதன் தலைப்பு. தொலைவு செல்ல நேரமில்லாத அன்பர்கள் அருகிலுள்ள இடங்களை இங்கேயே கண்டு மகிழலாம், நெடிது யோசியாமல் வாங்கிக்கொள்ளலாம் என்னும் பொருள்பட முகப்பிலேயே எழுதி வைத்தார்.

இதை வணிகரின் விளம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. அதுவரை ஐரோப்பியக் கலையில் நிலக்காட்சி என்றால் வானளாவிய பாறை, ஆழ்ந்த பள்ளத்தாக்கு, தொலைநாட்டு மலை என்பதே வழக்கு. இத்தாலிக்குப் போய்வந்தவனே ஓவியன் என்னும் எண்ணமும் ஓங்கியிருந்தது. அந்நிலையில், ஊர்ப்புறத்து விடுதியும், மணல்மேட்டருகே துணி வெளுக்கும் களமும், ஸ்பார்ன் ஆற்றங்கரையும் பார்க்கத் தகுந்தவை என்று ஒருவர் துணிந்து சொன்னார். எஸையஸ் வான் டி வெல்டே, வில்லெம் பைட்டவெக், யான் வான் டி வெல்டே முதலிய ஹார்லெம் கலைஞர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அவ்வழியைப் பெருவழி ஆக்கினார்கள். வண்ண ஓவியத்தை ஒருவர்தான் வாங்க முடியும். ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம், விலையும் குறைவு. தன் ஊர் ஆற்றைத் தன் கையில் ஏந்திப் பார்க்கும் வாய்ப்பு, அரண்மனையோ மாளிகையோ இல்லாதவருக்கும் கிட்டியது.

அந்தக் காலத்தின் அரசியலையும் மறத்தலாகாது. ஸ்பெயின் பேரரசுக்கு எதிராக வட மாநிலங்கள் நெடும்போர் நடத்தி வந்தன. 1572 டிசம்பர் முதல் 1573 ஜூலை வரை ஹார்லெம் முற்றுகைக்கு ஆளாகி வீழ்ந்தது. 1574இல் லெய்டன் முற்றுகையிடப்பட்டபோது, கரைகளை வெட்டி வெள்ளத்தை நிலத்தில் புகவிட்டு, அவ்வெள்ளத்தின்மேல் தட்டையடிப் படகுகளைச் செலுத்தி, அக்டோபர் 3ஆம் நாள் நகரை மீட்டார்கள். தலைமுறைகள் காத்த கரையைத் தங்கள் கையாலேயே உடைத்து, விளைநிலத்தைப் பலியிட்டுப் பெற்ற வெற்றி அது. 1609இல் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் ஏற்பட்டது. விஸ்ஸரின் தொகுதிகள் அந்த அமைதியில் பிறந்தவை. அவருடைய இனிய இடங்களுள் ஒன்றாகக் கிளீஃப் மாளிகையின் இடிபாடு இடம்பெறுகிறது. ஹார்லெமை முற்றுகையிட்ட ஸ்பானியத் தளபதி தங்கியிருந்த மாளிகை அது. நகரத்தார் உலாப்போகும் வழியில், புல் முளைத்த சுவர்களாக அது படத்தில் நிற்கிறது. பகைவனின் பாசறை உலாவிடமாக மாறிவிட்டது என்பதை ஒரு சொல்லும் இன்றி அப்படம் உணர்த்துகிறது. அஞ்சாமல் ஆற்றங்கரையில் நடப்பதே அரிதாய்ப் பெற்ற இன்பம் என்று அறிந்தவர்களுக்காக வரைந்த படங்கள் இவை.

இப்படங்களுக்கு மறைபொருள் உண்டா என்பது பற்றி அறிஞரிடையே நெடிய விவாதம் நடந்திருக்கிறது. எடி டி யாங் முதலானோர் டச்சுக் கலையின் அன்றாடக் காட்சிகளுக்குள் அறவுரைகள் பொதிந்திருப்பதை எடுத்துக்காட்டினர். அவ்வழியில் செல்வோர், ஓடும் ஆற்றை நிலையாமையாகவும், படகை வாழ்க்கைப் பயணமாகவும் வாசிப்பர். ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1983இல் வெளியிட்ட நூலில் மாற்றுக் கருத்தை முன்வைத்தார். டச்சுக் கலை கதை சொல்லும் கலையன்று, விவரிக்கும் கலை. நிலப்படம் வரைதலும் கண்ணாடி வில்லையால் உற்றுநோக்குதலும் அதன் உடன்பிறப்புகள் என்பது அவர் வாதம். விஸ்ஸர் நிலக்காட்சிகளோடு நிலப்படங்களையும் வெளியிட்டவர் என்பது இவ்வாதத்துக்கு அரண். எனினும் கரையின் வரலாற்றை அறிந்து நோக்கினால் இவ்விரு கருத்துகளும் அத்துணை முரண்பட்டவை அல்ல என்பது புலனாகும். எங்கே கரை, எங்கே மதகு, எங்கே காற்றாலை என்று உள்ளது உள்ளவாறு விவரிப்பதே அந்நாட்டில் அறச்செயல். ஏனெனில் அவற்றைக் கவனியாமல் விட்டவர் வாழ முடியாது.

இம்மரபின் உச்சம் ரெம்பிராண்ட். 1606இல் லெய்டனில் பிறந்த அவருடைய முழுப்பெயரின் இறுதியில் உள்ள ‘வான் ரெய்ன்’ என்பது ரைன் ஆற்றைக் குறிப்பது. அவர் தந்தை அந்த ஆற்றங்கரையில் காற்றாலை நடத்தியவர். ஊரையும் தந்தை பெயரையும் முன்வைப்பதுபோல் ஆற்றையே பெயரில் தாங்கிய கலைஞன், ஏறத்தாழ 1640 தொடங்கி 1652 வரை நிலக்காட்சிகளை எட்சிங்கில் வரைந்தார். பெரும்பாலானவை ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி நடந்து சென்று காணத்தக்க இடங்கள். ஆம்ஸ்டல் ஆற்றின் கரைகள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

1640-41ஐ ஒட்டி அவர் வரைந்த ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சி, 11 செ.மீ. உயரமும் 15 செ.மீ. அகலமும் கொண்ட சிறு படம். கீழே நாணலும் நீரும் கலந்த சதுப்பு. நடுவே மெல்லிய பட்டைபோல் நகரம். மேலே ஒரு கோடும் படாத வானம். ஐரோப்பாவின் செல்வ நகரம் ஒன்று ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. தகட்டில் கண்டவாறே வரைந்து அச்சிட்டதால் நகரம் இடவலம் மாறித் தோன்றுகிறது. அதை அவர் திருத்த முற்படவில்லை. இடத்தின் உண்மை திசையில் இல்லை, நீருக்கும் நிலத்துக்கும் உள்ள அளவில் இருக்கிறது என்று அவர் கருதினார் போலும்.

1645இல் வரைந்த ‘சிக்ஸ் பாலம்’ பற்றி ஒரு கதை உண்டு. நண்பர் யான் சிக்ஸின் நாட்டுப்புற வீட்டில் விருந்துண்ண அமர்ந்தபோது கடுகு இல்லை என்று வேலையாள் ஊருக்குள் ஓடினானாம். அவன் திரும்புமுன் ஒரு தகடு வரைந்து முடிப்பதாகப் பந்தயம் கட்டி ரெம்பிராண்ட் வென்றாராம். 18ஆம் நூற்றாண்டில் தொகுத்த அட்டவணை ஒன்றில் காணப்படும் இக்கதை மெய்யாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் படத்தைப் பார்ப்பவருக்கு இக்கதை ஏன் பிறந்தது என்பது விளங்கும். ஒரு மரப்பாலம், அதில் நின்று பேசும் இருவர், மெலிந்த இரு மரங்கள், பாய்விரித்த படகு, தொலைவில் ஒரு கோபுரம். கோடுகளை எண்ணிவிடலாம் போல் இருக்கிறது. எஞ்சியதெல்லாம் வெண்மை.

அதே ஆண்டைச் சேர்ந்த ‘ஓம்வால்’ இன்னும் செறிவானது. ஆம்ஸ்டல் ஆற்றின் ஒரு வளைவில் அமைந்த சிற்றூர் அது. இக்கரையில் முறுக்கிப் பிளந்த பழமரம். அதன் புதர் நிழலில், தேடினால் மட்டுமே தென்படும் காதலர் இருவர். இளைஞன் பெண்ணின் தலையில் பூமாலை சூட்டுகிறான். சற்றுத் தள்ளி, அகன்ற தொப்பி அணிந்த ஒருவன் முதுகு காட்டி நின்று ஆற்றைப் பார்க்கிறான். நீரில் பயணிகளுடன் ஒரு படகு. அக்கரையில் வீடுகளும் காற்றாலைகளும். இடப்புறம் கோடுகள் நெருங்கி இருண்டிருக்க, வலப்புறம் ஒளியாய் விரிகிறது. தொப்பிக்காரன் காதலரைக் காணவில்லை. காதலர் ஆற்றைக் காணவில்லை. ஒரே கரையில் தத்தம் வாழ்வை வாழும் மனிதர் அனைவரையும் அந்த வெண்ணீர்ப் பரப்பு ஒன்றாக இணைக்கிறது.

இந்த அமைதிக்கு விலை உண்டு. ஓம்வாலுக்கு அருகே இருந்த ஏரியை 1629இல்தான் நீரிறைத்து வடித்து விளைநிலம் ஆக்கியிருந்தார்கள். 1612இல் வடித்து முடிக்கப்பட்ட பேம்ஸ்டர் ஏரி இதற்கு முன்னோடி. ஆம்ஸ்டர்டாம் வணிகர்களின் முதலீட்டில், நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகள் சுழன்று அதை வற்றவைத்தன. ஓவியன் கண்முன் பரந்த பசும்புல்வெளிகள் பல, அவன் தந்தையின் காலத்தில் தண்ணீர். ‘ஓம்வால்’ அச்சாகி ஆறு ஆண்டுகள் சென்றபின், 1651 மார்ச்சில், பெரும்புயலில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே புனித அந்தோணி கரை உடைந்தது. வடித்தெடுத்த ஏரி மீண்டும் நிறைந்தது. வில்லெம் ஸ்கெலிங்ஸ் வரைந்ததைக் கொண்டு பீட்டர் நோல்பே அவ்வுடைப்பை எட்சிங்காக வெளியிட்டார். அதில் நீர் வெற்றுத் தாளாக இல்லை. கோடுகள் புரண்டு, சுழித்து, உடைப்பின் வாய்வழியே பாய்கின்றன. ஆறு அமைதியாக இருக்கும்போது வெண்மை. கரை உடைந்தால் கோட்டின் கொந்தளிப்பு. ஆற்றின் இருவேறு முகங்களுக்கும் ஒரே கலையில் இடம் இருந்தது. முதல் வகைப் படத்தை வாங்கிச் சென்றவன் இரண்டாம் வகைப் படத்தையும் அறிந்தவனே.

இவ்வளவு ஒழுங்கான நிலத்தில் ஒழுங்கை மீறிய கலைஞன் ஒருவனும் இருந்தான். ஹெர்குலிஸ் சேகர்ஸ் என்பது அவன் பெயர். அண்டையிடங்களையே வரைவது எழுச்சி பெற்ற அதே தலைமுறையில், அவன் எங்கும் இல்லாத பள்ளத்தாக்குகளை வரைந்தான். அரிக்கப்பட்ட எலும்புபோன்ற பாறைகள். அவற்றுக்கிடையே கரையற்று நெளியும் ஆறுகள். வண்ண மைகளில் அச்சிட்டான், துணியில் அச்சிட்டான், அச்சிட்டதன்மேல் தூரிகையால் பூசினான். பல படிகள் எடுப்பதற்காகவே தோன்றிய கலையில், ஒன்றுபோல் மற்றொன்று இராதபடி ஒவ்வொரு படியையும் தனி ஓவியமாக்கினான். வாழ்நாளில் அவன் அருமையை உணர்ந்தவர் சிலரே. அவன் படங்களில் வெண்ணெயும் சவர்க்காரமும் மடித்துக் கொடுத்தார்கள் என்று 1678இல் ஸாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் எழுதிவைத்தார். உணர்ந்த சிலருள் ரெம்பிராண்ட் ஒருவர். 1656இல் அவருடைய உடைமைகளைப் பட்டியலிட்டபோது சேகர்ஸின் ஓவியங்கள் எட்டு இருந்தன. சேகர்ஸின் தகடு ஒன்றையும் அவர் பெற்று, மனிதர்களை மட்டும் மாற்றி, அவன் வரைந்த நிலத்தின் பெரும்பகுதியை அப்படியே காத்து மீண்டும் அச்சிட்டார். காத்தல் என்னும் உரிப்பொருள் ஒரு கலைஞன் மற்றொரு கலைஞனுக்குச் செய்யும் கடமையாகவும் இங்கே வெளிப்படுகிறது.

இப்படங்கள் காட்டுவதைப் போற்றும்போது, காட்டாததையும் கருத வேண்டும். இவற்றில் வரும் ஆறுகள் பெரும்பாலும் கடலை எட்டுவதில்லை. படகுகள் வளைவில் மறைகின்றன. அவை எங்கே போயின என்று படம் சொல்வதில்லை. ரெம்பிராண்டின் ஆம்ஸ்டர்டாம் காட்சியில், தொடுவானத்துக் கட்டடங்களுள் ஒன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலை என்று ஆய்வாளர் அடையாளம் காண்கின்றனர். அந்தச் சிறு கறுப்புக் கீறலிலிருந்து ஒரு நூலைப் பிடித்தால் அது தமிழ்க் கடற்கரைக்கு வந்து சேரும். 1610இல் பழவேற்காட்டில் காலூன்றிய கம்பெனி, 1613இல் அங்கே கோட்டை எழுப்பியது. ஆறுகள் பாயும் தன் தாயகமான ஹெல்டர்லாந்து மாநிலத்தின் நினைவாக, அக்கோட்டையின் முதல் தலைவர் அதற்கு ‘ஹெல்ட்ரியா’ என்று பெயரிட்டார். உப்பங்கழியின் கரையில் எழுந்த கற்சுவருக்கு ஓர் ஆற்று நாட்டின் பெயர். அங்கிருந்து சோழமண்டலத் துணிகள் கிழக்குத் தீவுகளுக்குச் சென்றன. பஞ்சத்திலும் போரிலும் நிலைகுலைந்த மக்களும் அடிமைகளாக வாங்கப்பட்டு, பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ரெம்பிராண்ட் தம் எட்சிங்குகள் சிலவற்றை அச்சிட விரும்பிய மெல்லிய ஜப்பானியத் தாளும் அக்கம்பெனியின் கப்பல்களில் வந்ததே. ஆம்ஸ்டல் கரையின் அமைதியான வெண்மைக்குள் தொலைநாட்டுக் கடல்களின் துயரமும் கலந்திருக்கிறது. இதனை அறிந்தபின் அப்படங்களின் அழகு குறைந்துவிடுவதில்லை. ஆனால் பார்ப்பவனின் அறியாமை குறைகிறது. அருகிலுள்ளதைக் காக்கக் கற்ற கண், தொலைவிலுள்ளதைக் காணாமல் இருக்கவும் கற்றுக்கொள்ளக்கூடும் என்பது எந்நாட்டுக் கலைக்கும் உரிய எச்சரிக்கை.

பிற்காலத்தில் இந்த ஆற்று நிலம் அயலில் வாழ்ந்தோரின் ஏக்கமாக மாறியது. பிரான்சில் வாழ்ந்த யோஹன் பார்ட்டோல்ட் யோங்கிண்ட் 1862இல் ஹாலந்துக் காட்சிகளாக ஆறு எட்சிங்குகளை வெளியிட்டார். கால்வாய், படகு, காற்றாலை என்னும் அதே பொருள்கள். ஆனால் கோடு நடுங்குகிறது, உடைகிறது, காற்றில் அலைகிறது. கவிஞர்கள் இங்கே ஹென்ட்ரிக் மார்ஸ்மனை நினைப்பது பொருந்தும். தென் ஐரோப்பாவில் வாழ்ந்த காலத்தில், 1936இல், ‘ஹாலந்தின் நினைவு’ என்று பொருள்படும் கவிதையை அவர் எழுதினார். பரந்த ஆறுகளில் தொடங்கி நீரின்மேல் கொண்ட அச்சத்தில் முடியும் அக்கவிதை, டச்சு மக்கள் மிகவும் அறிந்த கவிதைகளுள் ஒன்று. எல்லையற்ற தாழ்நிலமும் தாழ்ந்து தொங்கும் வானமும் அதில் உண்டு. எட்சிங் ஓவியர்களின் கண்ணையே அவர் மரபுரிமையாகப் பெற்றிருந்தார் எனலாம். 1940 ஜூனில், போருக்குத் தப்பி இங்கிலாந்து நோக்கிச் சென்ற அவர் கப்பல் மூழ்கியது. நீரின் குரலுக்கு அஞ்சிய கவிஞர் நீரிலேயே முடிந்தார்.

அந்த அச்சம் பொய்யன்று. 1953 ஜனவரி 31 இரவும் பிப்ரவரி 1 விடியலும் கடல் பொங்கித் தென்மேற்குக் கரைகளை உடைத்ததில் நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் கழிமுகங்களை மதில்களாலும் மதகுகளாலும் அடைக்கும் மாபெரும் திட்டம் நிறைவேறியது. ஆனால் 1995இல் ஆபத்து ஆற்றின் வழியே வந்தது. ரைனும் மாஸும் பெருகியபோது ஏறத்தாழ 2,50,000 மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். கரையை மேன்மேலும் உயர்த்துவது மட்டும் போதாது என்பதை அப்போது உணர்ந்தார்கள். ‘ஆற்றுக்கு இடம்’ என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு திட்டம் பிறந்தது. ஹெல்டர்லாந்து மாநிலத்தின் நைமேகன் நகரில், ரைனின் பெருங்கிளையான வால் ஆற்றின் வடகரையை 350 மீட்டர் பின்னே தள்ளிக் கட்டி, ஆற்றுக்குப் புதிய கிளை ஒன்றை வெட்டினார்கள். அதற்காக ஏறத்தாழ 50 வீடுகள் அகற்றப்பட்டன. எண்ணூறு ஆண்டுகளாக நீரிடமிருந்து நிலத்தைப் பறித்து வந்த மக்கள், நிலத்தில் ஒரு பகுதியை நீருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டை இழந்தவருக்கு அது எளிதான செயலன்று. பொதுக் கரையைக் காக்கத் தன் பங்கை விட்டுக்கொடுத்தல் என்னும் பழைய முறையே அங்கே மீண்டும் செயற்பட்டது.

ஓவியன் அதைச் செப்புத் தகட்டில் முன்னமே செய்திருந்தான். ஆற்றை வரைய வேண்டுமானால் ஆற்றுக்கு இடம் விட வேண்டும். கோடுகளால் அதை நிரப்பினால் அது ஆறாக இராது. விஸ்ஸரும் ரெம்பிராண்டும் அறிந்திருந்த இந்நுட்பத்துக்குப் பொறியாளர்கள் வந்துசேர மூன்றரை நூற்றாண்டுகள் ஆயின. ஓவியங்களைப் பார்த்துப் பொறியாளர்கள் கற்றார்கள் என்று கூறுவது மிகையாகும். ஒரே நிலத்தில் ஊன்றி நின்றவர்கள் இருவேறு காலங்களில் ஒரே உண்மையைத் தொட்டார்கள் என்பதே தகும்.

எனவே, டச்சு அச்சோவியங்களில் ஆற்று நிலம் பெற்ற பொருளை இவ்வாறு தொகுத்துக் கூறலாம். அருகில் இருப்பது பார்க்கத் தகுந்தது என்று அவை ஒரு மக்களுக்குக் கற்பித்தன. பார்க்கத் தகுந்தது காக்கத் தகுந்தது என்று அம்மக்கள் தாமே உணர்ந்திருந்தார்கள். காப்பதற்குக் கோடு வேண்டும். கோட்டுக்கு அப்பால் விட்டுவைக்கும் வெண்மையும் வேண்டும். எங்கே கோடு நிற்க வேண்டும், எங்கே கை நிற்க வேண்டும் என்று அறிவதே அந்தக் கலையின் முழுத் திறமும்.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் இம்மன்றமும் ஒருவகையில் கரை காக்கும் பணியையே செய்து வருகிறது. அவரவர் பங்குக் கரையை அவரவர் பேணுவதும், இயலாதவர் நட்டுவிட்டுப் போன மண்வெட்டியை இன்னொருவர் பிடுங்கி எடுப்பதுமே ஒரு மன்றம் பத்தாண்டு நிலைப்பதன் பொருள். அம்மண்வெட்டிகளை எடுக்கக் கைகள் என்றும் முன்வருக.